ஓர் அறக்கட்டளையின் கையில் கலைச் சேகரிப்பு: பதிவேடு முதல் நல்கை வரை

ஓவியர் ஒருவர் காலமான பிறகு அவருடைய வீட்டில் என்ன மிஞ்சும்? சுவரில் இருபது முப்பது ஓவியங்கள், பரணில் சுருட்டிய கித்தான்கள், ட்ரங்குப் பெட்டியில் கடிதங்களும் கண்காட்சி அழைப்பிதழ்களும், அட்டைப் பெட்டியில் போட்டோக்கள். குடும்பத்தாரும் மாணவர்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கி இவற்றைக் காப்பாற்ற முன்வருகிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் தூசி தட்டி, துடைத்து, அளவுவாரியாக அடுக்கியும் விடுகிறார்கள். அதோடு பாதி வரலாறு போய்விடுகிறது.

எது எதனோடு கிடந்தது என்பதே ஒரு சான்று. ஒரு கடிதம் எந்த உறைக்குள் இருந்தது, எந்தக் கோட்டோவியம் எந்தக் குறிப்பேட்டுக்குள் செருகியிருந்தது என்பதை வைத்துத்தான் பின்னால் தேதியும் பெயரும் கண்டுபிடிக்க முடியும். ஆகவே முதல் வாரம் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு பெட்டியையும், திறந்த நிலையில் அடுக்கடுக்காகப் படம் எடுங்கள். பெட்டிக்கு ஒரு தற்காலிக எழுத்து கொடுங்கள்: அ, ஆ, இ. மேலிருந்து கீழாக எந்த வரிசையில் பொருள்கள் இருந்தன என்று எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பதிவேடு

ஒரு தடிமனான கட்டுப்போட்ட பேரேடு வாங்குங்கள். கணினியில் விரிதாள் இருக்கட்டும், ஆனால் சேகரிப்பு யாருடையது என்று கேள்வி எழும்போது, பக்க எண் அச்சிட்ட, கிழிக்க முடியாத, அழியாத மையில் எழுதிய பேரேட்டுக்கு இருக்கும் மதிப்பு வேறு. தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது.

எண் போடும் முறை எளிமையாக இருக்கட்டும்: ஆண்டு, அந்த ஆண்டில் வந்த எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2025.3.14 என்றால் 2025-இல் மூன்றாவதாக வந்த தொகுதியின் பதினான்காவது பொருள். எண்ணுக்குள் வேறு தகவலைத் திணிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும்: எண்ணெய் வண்ணத்துக்கு ‘எ’, சிற்பத்துக்கு ‘சி’, அலமாரிக்கு ஓர் எண். அது வேண்டாம். எண்ணெய் என்று நினைத்தது அக்ரிலிக்காக இருக்கும், அலமாரி மாறிவிடும், அப்போது எண்ணே பொய் சொல்லத் தொடங்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இவை வேண்டும்: எண், பொருளின் வகை, தலைப்பு இருந்தால் யார் வைத்த தலைப்பு, ஆக்கியவர், காலம், செய்பொருள், அளவு, கையொப்பமும் எழுத்தும் எங்கே உள்ளன, யாரிடமிருந்து எப்படி வந்தது, தற்போதைய நிலை, இருக்கும் இடம். அளவை சென்டிமீட்டரில், உயரம் முதலில், அகலம் அடுத்து எழுதுங்கள். சட்டத்தோடு அளந்தீர்களா, சட்டமில்லாமலா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். திருட்டுப்போன ஓவியத்தை அடையாளம் காட்டும் வேளையில் இந்த ஒரு வரி இல்லாமல் தவித்தவர்கள் உண்டு. படம் எடுக்கும்போது முன்புறம், பின்புறம், கையொப்பம், சேதமான இடம் என்று குறைந்தது நான்கு படங்கள் தேவை. பின்புறத்தை எடுக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

எண்ணைப் பொருளின்மீது எழுதுவதற்குத் தனித் தனி வழி இருக்கிறது. காகிதத்தில் பின்புறக் கீழ் மூலையில், கெட்டியான பரப்பின்மேல் வைத்து, 2பி பென்சிலால் மெதுவாக. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும், மையும் ஊறும். துணியில் பருத்தி நாடாத் துண்டு ஒன்றில் எண் எழுதி, ஓரத்தில் இரண்டே தையலில் தைக்க வேண்டும். ஓலைச்சுவடிக்கு ஏட்டில் எழுதாமல், கட்டுக் கயிற்றில் ஒரு சீட்டு கட்டுங்கள். கல், உலோகம், சுடுமண் ஆகியவற்றுக்குப் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் சுமார் 20 விழுக்காடு கரைத்து, கண்ணில் படாத இடத்தில் விரல்நக அளவு பூசி, உலர்ந்ததும் நிறமி மையால் எண் எழுதி, மேலே மறுபடி ஒரு பூச்சு. நாளை வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பிளாஸ்டிக், அரக்குப் பூச்சு, வண்ணம் தீட்டிய மரம் ஆகியவற்றில் இதைச் செய்யக் கூடாது, அசிட்டோன் அவற்றைக் கரைத்துவிடும். ஒட்டுநாடாவும் ஸ்டிக்கரும் எதிலும் கூடாது. அவற்றின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி உள்ளே இறங்கும்.

யாருடையது, என்ன செய்யலாம்

கொடை வரும்போது கொடைப் பத்திரம் எழுதி வாங்குங்கள். “எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்”, “எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்க வேண்டும்” என்பது போன்ற நிபந்தனைகளை மரியாதையாக மறுத்துவிடுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்கு பிறகு வழக்காக வரும். எப்போதும் காட்சியில் இருக்கும் நீர்வண்ண ஓவியம் வெளிறியும் போகும்.

ஓவியம் உங்களிடம் இருப்பதால் அதன் பதிப்புரிமையும் உங்களிடம் வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்கு நிற்கும். ரவி வர்மா 1906-இல் மறைந்தார், அவருடைய ஓவியங்களை யாரும் அச்சிடலாம். சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1977-இல் மறைந்தார், 2037 முடியும்வரை அனுமதி வேண்டும். நாள்காட்டி, வாழ்த்து அட்டை, இணையத்தளம் ஆகிய எல்லாவற்றுக்குமான அனுமதியைக் கொடைப் பத்திரத்தோடு சேர்த்தே எழுத்தில் வாங்குங்கள். காலத்தையும் நாட்டையும் அதில் குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் உரிமையை மாற்றி எழுதினால் சட்டம் அதை 5 ஆண்டுகளுக்கு என்றும் இந்தியாவுக்கு மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளும்.

தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் 1972-இல் வந்தது. 100 ஆண்டு கடந்த சிற்பமும் ஓவியமும், 75 ஆண்டு கடந்த, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் அதன்படி தொல்பொருள். கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் ஆகியவற்றில் செய்த பழைய சிற்பங்களையும், பழைய ஓவியங்களையும், ஓவியம் தீட்டிய சுவடிகளையும் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். அவை கைமாறினால் தெரிவிக்கவும் வேண்டும். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்-கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் கலைக்கருவூலங்கள் என அறிவிக்கப்பட்டவை, நாட்டைவிட்டு வெளியே போக முடியாதவை. பழைய செப்புத்திருமேனி ஒன்று வந்துசேரும் வழி தெளிவாக இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

பணம் பற்றி ஒன்று மட்டும். வெளிநாட்டு நன்கொடையை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பணமாகாது, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் ஆகும். நன்கொடை வரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேதி இல்லாத பொருளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

சேகரிப்பின் வரலாற்றை எழுதும் வேலையில் இதுதான் மிகச் சுவையானது, அவசரப்பட்டால் மிக எளிதாகத் தவறுவதும் இதுதான்.

பழைய கடிதங்களில் “விகாரி வருஷம் ஆவணி 12” என்று இருக்கும். தமிழ் ஆண்டுகள் 60-க்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. விகாரி 1899-1900-ஆக இருக்கலாம், 1959-60-ஆக இருக்கலாம், 2019-20-ஆகவும் இருக்கலாம். கிழமையும் கொடுத்திருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் முடிவு கிடைக்கும். இல்லையென்றால் தாளும் தபால்தலையும் சொல்லும். தபால்தலையில் அணா என்றிருந்தால் 1957-க்கு முன் அச்சானது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட அச்சு. உறையில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் போக முடியாது.

ஓவியத்தின் முதுகில் சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கும். முகவரியில் ‘சென்னை ராஜ்யம்’ என்றோ ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றோ அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1969 சனவரிக்கு முந்தைய சீட்டு. கண்காட்சிப் பட்டியலில் லை, னை, ணை, றா, னா, ணா எழுத்துகள் பழைய வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அச்சகங்கள் படிப்படியாக மாறின. பழைய அச்செழுத்து வைத்திருந்த சிறு அச்சகங்கள் மேலும் சில ஆண்டுகள் பழைய வடிவிலேயே அடித்தன. எனவே புது வடிவம் இருந்தால் 1978-க்குப் பிந்தையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பழைய வடிவம் இருப்பதை மட்டும் வைத்து 1978-க்கு முந்தையது என்று சொல்லக் கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. கடைச் சீட்டு சட்டத்தின் வயதைத்தான் சொல்லும், ஓவியத்தின் வயதை இல்லை. சட்டம் மாற்றுவது சாதாரணம். ஆகவே பதிவேட்டில் “1960-களின் நடுப்பகுதி, சட்டத்தின் சீட்டை வைத்து மதிப்பிட்டது” என்று ஆதாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆதாரமில்லாத தேதி ஒருமுறை அச்சாகிவிட்டால் பிறகு அதைப் பிடுங்கவே முடியாது.

கலைஞரோடு பழகியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் குரலைப் பதியுங்கள். சுருக்காத வேவ் கோப்பாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ஓவியத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். “அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் புகழுரைதான் வரும். “இந்த நீலத்தை எந்தக் கடையில் வாங்குவார், கித்தானுக்கு அடிப்பூச்சு யார் அடிப்பார்கள்” என்று கேட்டால் பாதுகாப்பு வல்லுநருக்கும் பயன்படும் விவரம் வரும்.

வைக்கும் இடம்

இரண்டு மாடிக் கட்டடத்தில் முதல் மாடியின் நடு அறைதான் நல்லது. தரைத்தளம் வெள்ளத்துக்கு ஆளாகும், மொட்டைமாடிக்கு நேர் கீழ் உள்ள அறை வெப்பத்துக்கும் ஒழுக்குக்கும் ஆளாகும். கழிவறை, தண்ணீர்த் தொட்டி, குழாய் செல்லும் சுவர் ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் இதைக் கற்பித்தது. பணமும் வல்லுநரும் நிறைந்த இடத்துக்கும் இதே கதைதான். எண்ணெய் வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்த கலூஸ்ட் குல்பென்கியான் 1955-இல் லிஸ்பனில் மறைந்தபோது விட்டுச் சென்றது 6,000-க்கு மேற்பட்ட கலைப்பொருள்கள். 1956-இல் அவர் பெயரில் அறக்கட்டளை அமைந்தது. அருங்காட்சியகம் 1969-இல் திறக்கும்வரை சேகரிப்பின் ஒரு பகுதி ஒயராஸ் ஊர் அரண்மனையில் இருந்தது. 1967 நவம்பர் வெள்ளம் அதற்குள் புகுந்தது. இடைக்கால ஏற்பாடு என்று நாம் சொல்லும் காலத்தில்தான் ஆபத்து வருகிறது.

அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரட்டும். வெளிச்சுவரிலிருந்தும் அதே அளவு விலகட்டும். காற்று ஓடாத மூலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். கடற்கரை ஊர்களில் பல மாதம் அதற்கு மேல்தான் இருக்கும். பகலில் ஏசி போட்டு மாலையில் அணைப்பது மிக மோசமான வழக்கம். ஒவ்வொரு நாளும் ஈரம் ஏறி இறங்க, மரமும் கித்தானும் விரிந்து சுருங்கி, மேலிருக்கும் வண்ணம் வெடிக்கும். நாள் முழுவதும் ஓட்ட வசதியில்லையென்றால் ஏசியே வேண்டாம். ஈரமுறிஞ்சும் கருவி ஒன்று, மெதுவாகச் சுழலும் மின்விசிறி, ஈரமானி, காலை மாலை இரு வேளையும் எழுதும் குறிப்பேடு ஆகியவை போதும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த பூச்சு, அதன்மேல் மேடாக்கிய வேலைப்பாடு, கற்கள், தங்க ரேக்கு. பலகை அசைந்தால் மேலுள்ள எல்லாம் அசையும். பசை நீரில் கரையும் வகை, ஆகவே ஈரத்துணி பட்டால் ரேக்கே கையோடு வரும். உதிர்ந்த கல்லை ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். சிறு உறையில் போட்டு ஓவியத்தின் எண்ணை எழுதி வையுங்கள். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும்.

செப்புச் சிலையைப் புளி போட்டு விளக்கினால் பல நூற்றாண்டுப் பச்சைப்படலம் அரை மணியில் போய்விடும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தச் சிலையைத் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து, வேதியியல் பாதுகாப்பு தெரிந்தவரை அழையுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1937 முதலே இதற்கான ஆய்வகம் உள்ளது.

சுருட்டித்தான் வைக்க வேண்டுமென்றால் கித்தானை வண்ணம் வெளிப்புறமாக இருக்கும்படி, குறைந்தது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றுங்கள். உள்புறமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது தகடாகத் தெறிக்கும். வெளிச்சம்: நீர்வண்ணம், துணி, போட்டோ ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸுக்குள். மூன்று மாதம் காட்சி, பிறகு இருட்டில் ஓய்வு. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஓய்வு அதைத் திருப்பித் தராது, அடுத்த சேதத்தைத் தள்ளிப்போடும்.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, சில பொருள்கள்மேல் படிகமாகவும் படியும். வேப்பிலையும் வசம்பும் வைக்கும் பழக்கம் நம்முடையது. உலர்ந்த நிலையில் துணிமுடிப்பாக வையுங்கள், ஏட்டின்மேல் நேரடியாகப் படாமல். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். பூச்சி அரித்த நூலையும் துணியையும் பாலித்தீன் பையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைத் திறக்காமல் விடுங்கள். முன்னதாகவே திறந்தால் பனித்த நீர் நூலின்மேலேயே இறங்கும். ஓவியக் கித்தான், மரப்பலகை ஓவியம், கண்ணாடி நெகட்டிவ் ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது.

திறமைக்குத் துணை நிற்பது

சேகரிப்பு அடுக்கில் தூங்கினால் அறக்கட்டளை ஒரு குளிர்ந்த கிடங்காகிவிடும். 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் எழுந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமிடும்) துணிகள் செய்து விற்று நிலம் வாங்கினார்கள். ஓவியருக்கு முதலில் தேவைப்பட்டது விருதோ பொன்னாடையோ இல்லை, வாடகைக் கவலையில்லாத ஓர் இடமும் வேலை செய்ய நேரமும். கலைஞர்களுக்கு நீங்கள் தரும் நல்கையும், அதாவது நிதியுதவியும், அதையே தரட்டும். பலருக்கு ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுப்பதைவிட, ஆண்டுக்கு இருவருக்கு ஆறு மாதம் கவலையில்லாமல் வேலை செய்யும் அளவு கொடுப்பது நல்லது.

அறிவிப்பைத் தமிழில் எழுதுங்கள். விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுதத் தயங்குபவர் ஐந்து நிமிடக் குரல்பதிவு அனுப்பலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், கைவினைக் குடும்பத்துப் பிள்ளைகள் அப்போதுதான் உள்ளே வருவார்கள். என்ன அடிப்படையில் தேர்வு, யார் நடுவர், எப்போது முடிவு என்பதை முதல் நாளிலேயே சொல்லுங்கள். நடுவர் மூவர், ஒருவராவது உங்கள் வட்டத்துக்கு வெளியே. தன் மாணவரோ உறவினரோ விண்ணப்பித்தால் அந்த நடுவர் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து போக வேண்டும், அது குறிப்பிலும் ஏற வேண்டும்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: தொடக்கத்தில் பாதி, நடுவில் 30 விழுக்காடு, முடிவில் 20. முதல் தவணையைப் பெரிதாக்கக் காரணம், கித்தானும் வண்ணமும் வெண்கலமும் முதலிலேயே வாங்க வேண்டியவை. “முடித்த பிறகு ரசீது கொடுத்தால் தருகிறோம்” என்றால் கையில் காசுள்ளவர் மட்டுமே விண்ணப்பிப்பார். நல்கைக்கு ஈடாக ஓவியம் ஒன்றைக் கேட்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பிடித்த படைப்பு இருந்தால் தனி விலை பேசி, தனி ரசீதில் வாங்குங்கள், அப்போதே பதிவெண் போடுங்கள், என்ன வண்ணம், என்ன அடிப்பூச்சு என்று கலைஞரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அறுபது ஆண்டு கழித்து யாரும் கடைச் சீட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.

நல்கை பெறுபவர் மாதம் இரண்டு நாள் சேகரிப்பு அறையில் வேலை செய்யட்டும்: நிலை அறிக்கை எழுத, படம் எடுக்க, சரிபார்க்க. அதற்குத் தனி ஊதியம் கொடுங்கள். ஓவியத்தின் பின்புறத்தை இவ்வளவு நேரம் பார்க்கும் வாய்ப்பு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஆண்டுச் சரிபார்ப்பும் இவர்கள் கையில் எளிதாகும். பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பத்து எண் எடுத்து அலமாரியில் பொருளைத் தேட வேண்டும். அலமாரியிலிருந்து பத்துப் பொருள் எடுத்து பதிவேட்டில் எண்ணைத் தேட வேண்டும். முதல் சோதனையில் காணாமல் போனது தெரியும், இரண்டாவதில் எழுதாமல் விட்டது தெரியும்.

தேர்வாகாதவர்களுக்கும் கடிதம் போக வேண்டும், அவர்கள் அனுப்பிய படத்தொகுப்பு முப்பது நாளுக்குள், வந்த உறையைவிடக் கெட்டியான உறையில், அறக்கட்டளைச் செலவில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த விண்ணப்பத்தைப் பற்றி நடுவர்கள் சொன்ன ஒரு வரியையாவது எழுதுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் படித்தவர்கள்தான்.